ரயில் வராத தெருவுக்கு ஒரு ரயில்

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவும் பினாங்கு சாலையும் சந்திக்கும் முனையில் ஒரு பழைய தண்டவாளத் துண்டு உண்டு. தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஊருக்குள் ஓடிய டிராம் வண்டியின் தடம் அது. 1936-இல் டிராம் நின்றது. தண்டவாளத்தின் மேல் தார் போட்டு மூடினார்கள். 2004-இல் சாலை வேலைக்காகத் தோண்டியபோது அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

என் பெரியப்பாவோடு அந்தப் பக்கம் நடந்தால் நடை அங்கே நின்றுவிடும். "பார்த்தியாடா, நம்ம தெருவுலயும் தண்டவாளம் இருந்திருக்கு" என்பார். இருபது தடவையாவது சொல்லியிருப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவர். சூலியா தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, தினமும் பெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போனவர்.

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சின்ன ரயில் ஓட்டிப் பார்க்க ஓர் அறை. அந்த ஓர் அறைக்காக எங்கள் குடும்பத்தில் எட்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. அந்தக் கதைதான் இந்த வாரம். புது வீடு வாங்கிய இளம் தம்பதிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது: "மிச்சமிருக்கிற அந்த ஓர் அறையை என்ன செய்யலாம்?"

சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டேஷன்

முதலில் அவர் அறை எதுவும் கேட்கவில்லை. தொடக்க செட் ஒன்று வாங்கினார். ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, முட்டை வடிவத்தில் சேர்க்கும் தண்டவாளம். சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஓட்டினார். பேரப்பிள்ளைகள் வந்தால் கொண்டாட்டம்தான்.

ஆனால் ராத்திரி ஏழரைக்கு மேசை சாப்பாட்டுக்கு வேண்டும். ஏழு மணிக்கே எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மறுநாள் மறுபடி பூட்ட வேண்டும். கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் இணைப்புகள் தளர்ந்தன. எஞ்சின் போகும் வழியில் நின்று நின்று போனது. அட்டையில் ஒரு ஸ்டேஷன் கட்டிடம் செய்ய ஆரம்பித்தார்; பசை காய்வதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மூன்று மாதத்தில் பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. பெரியப்பா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து, வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தில் முயன்றார். விலை குறைவென்று துகள் பலகை வாங்கி மேசை அடித்தார். ஒரு மழைக்காலம்தான். சாரல் பட்டுப் பலகை அப்பம் மாதிரி ஊதிவிட்டது. தண்டவாளம் மேடும் பள்ளமுமாக ஆனது. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது.

அதன் பிறகுதான் அவர் வாய் திறந்து அறை கேட்டார்.

"எனக்கு யார் ரூம் கொடுத்தா?"

வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்திருந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பல குடும்பங்கள் அப்போது வெளியேறின. பெரியப்பா குடும்பமும் சூலியா தெருவை விட்டுப் பட்டர்வொர்த் பக்கம் ஓர் அடுக்குமாடிக்கு வந்தது. மூன்று அறை. ஒன்று அவர்களுக்கு. ஒன்று சாமான் போட. இன்னொன்று மகளுக்கு, அதாவது என் தங்கைக்கு. அவள் இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கும் நீண்ட விடுமுறைக்கும் மட்டும் வருவாள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அந்த அறை பூட்டியே கிடக்கும்.

பெரியப்பா கேட்டது அந்த அறையைத்தான். பெரியம்மா ஒரே போடாகப் போட்டார்: "பொண்ணு வந்தா எங்கங்க படுக்கும்? உங்க பிளாட்பாரத்துலயா?"

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் தையல் மிஷின் வாங்கி இருபத்தஞ்சு வருஷமாச்சு தம்பி. ஹால் மூலையில வெச்சிருக்கேன். யாராவது வந்தா துணியைச் சுருட்டி மூடி போட்டுடுவேன். பாதி தைச்ச ரவிக்கையைப் பைக்குள்ள திணிச்சு வெச்சிருக்கேன். எனக்கு யார் ரூம் கொடுத்தா?"

என்னிடம் பதில் இல்லை. தங்கைக்கு அறை போய்விடுமே என்பது அவர் கவலையில் பாதிதான். கால் நூற்றாண்டாக யாரும் கேட்காத ஒன்று மீதிப் பாதி.

யோசித்துப் பார்த்தால் இருவர் குறையும் ஒன்றுதான். பெரியப்பாவுக்கு ரயில் ஓட்ட மேசை கிடைக்காமல் இல்லை. பெரியம்மாவுக்குத் தைக்க மூலை கிடைக்காமல் இல்லை. பாதியில் வைத்ததை அப்படியே வைத்துவிட்டுப் போக இடமில்லை. அவ்வளவுதான். பொழுதுபோக்கு அறை என்று நாம் சொல்வதற்கு அளவோ அலங்காரமோ முக்கியமில்லை. இன்று ராத்திரி விட்ட வேலை நாளைக் காலை அதே இடத்தில் காத்திருக்க வேண்டும். அதற்கு வீட்டார் சம்மதிக்க வேண்டும்.

பெரிய ஆட்களுக்கும் இதே பாடுதான்

ராட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலப் பாடகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-இல் தன் வீட்டு மாடியில் கட்டிய மாதிரி ரயில் நகரத்தை ஒரு ரயில் பத்திரிகையில் வெளியிட்டார். அதைக் கட்டி முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பாட்டுப் பயணம் போகும் ஊர்களில் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, சின்னச் சின்னக் கட்டிடங்களை அங்கேயும் உட்கார்ந்து செய்வாராம். இரவு கச்சேரிக்குப் போனாலும் மேசையில் விட்ட வேலை அப்படியே இருக்கும்.

நம்மவர்களிலும் ஒருவர் உண்டு. இந்தியாவில் புனே நகரின் கோத்ருட் பகுதியில் ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பி.எஸ். ஜோஷி என்பவரின் சொந்த ஆசையில் தொடங்கியது அது. முதலில் சேகரித்தார், பிறகு கண்காட்சிகளில் ஓட்டிக் காட்டினார். 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி நிரந்தரமாக ஓர் இடம் அமைந்தது. அவர் காலத்துக்குப் பின்னும் குடும்பத்தார் நடத்திவருகிறார்கள்.

உலகத்திலேயே பெரியது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றுக்குள் இருக்கிறது. 2001-இல் இரட்டையர்களான பிரவுன் சகோதரர்கள் திறந்தார்கள். அந்தக் கிடங்கு வட்டாரம் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் ஜார்ஜ்டவுன் 2008-லேயே சேர்ந்துவிட்டது என்று பெரியப்பா மறக்காமல் சொல்வார்.

கட்டில் அடியில், ரயில் மேலே

எட்டாவது மாதம் உடன்பாடு வந்தது. அதில் இரண்டு பகுதி.

முதலில் சாமான் அறை காலியானது. பழைய மிக்ஸி, உடைந்த நாற்காலி, யாரும் படிக்காத பாடப் புத்தகம் எல்லாம் போயின. ஜன்னல் ஓரம் தையல் மிஷின் வந்தது. மூடி போட வேண்டாம், துணி சுருட்ட வேண்டாம். இதை முடிக்காமல் ரயில் வேலைக்கு ஆணி அடிப்பதில்லை என்று பெரியப்பாவே சொன்னார்.

இரண்டாவது, மகள் அறை மகள் அறையாகவே இருக்கும். கட்டிலை நகர்த்தக்கூடாது. ரயில் சுவர் ஓரமாக, ஒரு தட்டு மேல் அறையைச் சுற்றி ஓடும். தட்டின் உயரம் தரையிலிருந்து ஐந்தடி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்காது. நின்று பார்த்தால் ரயில் கண் மட்டத்தில் வரும், பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி. "கடைவீட்டுக்கும் அஞ்சடி, ரயிலுக்கும் அஞ்சடி" என்றார் பெரியப்பா.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மாதிரி ரயிலில் பரவலாக இருப்பவை இரண்டு அளவு. எச்.ஓ. என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். என் என்பது 160-இல் ஒரு பங்கு, அகலம் 9 மில்லிமீட்டர். இருபது மீட்டர் நீளமுள்ள ரயில் பெட்டி எச்.ஓ.வில் 23 சென்டிமீட்டர் வரும். என் அளவில் பன்னிரண்டரைதான். எச்.ஓ. ரயில் ஒரு முழுத் திருப்பம் எடுக்கக் குறைந்தது மூன்றரை, நான்கு அடி அகலம் வேண்டும். என் அளவுக்கு இரண்டடி போதும். அடுக்குமாடி அறைக்கு என் அளவே சரி.

பத்துக்கு ஒன்பது அடி அறை. சுவரெல்லாம் ஓரடி அகலத் தட்டு, மூலைகளில் மட்டும் இரண்டடி. ஒரு சுற்றுக்குப் பதினோரு மீட்டர் கிடைத்தது. நிஜ அளவில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அறை நடுவில் பெரிய மேசை போட்டிருந்தால் இவ்வளவு ஓட்டமும் கிடைத்திருக்காது, நடக்கவும் இடம் இருந்திருக்காது.

நம் பருவநிலையில் முதல் எதிரி ஈரக்காற்று. துகள் பலகை வேண்டவே வேண்டாம். நல்ல பிளைவுட் வாங்கி, மேலும் கீழும் வெட்டு ஓரத்திலும் சாயம் பூசி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். பூசாத பக்கம் ஈரத்தை இழுத்தால் பலகை வளையும், தண்டவாளமும் கூடவே வளையும். சுவரோடு ஒட்டாமல் விரல் அளவு இடைவெளி விட்டால் பூஞ்சணம் பிடிக்காது, கரையான் வந்தாலும் கண்ணில் படும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் சாயம் வெளுத்துவிடும், திரை போடுங்கள்.

மின்சாரம் இரண்டு வகை. தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட், ஆபத்தில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் கைவைக்க வேண்டாம். கூடுதல் பிளக் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள், அதுவும் பலகை மாட்டுவதற்கு முன்பே. தண்டவாளத்துக்கு ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் தூரம் போகப் போக எஞ்சின் சோர்ந்துவிடும். மூன்றடிக்கு ஒரு தடவை அடியிலிருந்து வயர் கொடுத்தால் சீராக ஓடும்.

சூலியா தெரு மாதிரி பாரம்பரிய வட்டாரத்தில் பழைய கடைவீட்டில் இருப்பவர்கள் சுவரைத் துளைப்பதற்கும் கட்டிடத்தை மாற்றுவதற்கும் முன் மாநகர் மன்றத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. வாடகை வீடு என்றால், சுவரைத் தொடாமல் காலில் நிற்கும் அலமாரித் தட்டுகளே போதும்.

கதவு இடைவெளியில் ஒரு கடல்

தட்டு மாட்டியாயிற்று. அங்கேதான் அடுத்த சண்டை. இது பெரியப்பாவுக்கும் எனக்கும்.

அவர் திட்டம் இது: ஒரு சுவரில் பட்டர்வொர்த் ஸ்டேஷன், எதிர்ச் சுவரில் ஜார்ஜ்டவுன். நடுவில் கதவு இருக்கும் மூன்றடி இடைவெளிதான் கடல். ரயில் பட்டர்வொர்த்தில் நிற்கும். அதற்கு மேல் போகாது.

ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ பக்கம் கடிகாரக் கோபுரத்தோடு ஒரு ரயில்வே கட்டிடம் நிற்கிறதே, இப்போது சுங்கத்துறை அலுவலகமாக இருப்பது. 1907-இல் கட்டி முடித்தது. ஒரு காலத்தில் டிக்கெட் அங்கே வாங்கினார்கள், ஆனால் தண்டவாளம் கிடையாது. பெர்ரியில் அக்கரை போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. தீவுக்கு ரயில் பாதை வந்ததே இல்லை. பினாங்கு மலையில் 1923-லிருந்து இழுவை ரயில் ஓடுகிறது. அதைக் கணக்கில் சேர்க்கப் பெரியப்பா ஒப்புக்கொள்வதில்லை.

"இல்லாத பாதையை எப்படிடா போடறது? பார்க்கிறவன் சிரிப்பான்" என்றார்.

ஏற்கெனவே அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையிலிருந்து நம் நாட்டு ரயில் மீட்டர் கேஜ். கடையில் கிடைக்கும் என் அளவுத் தண்டவாளமோ அதைவிட அகலமான பாதைக்கான கணக்கு. பெட்டியைத் தட்டில் வைத்த முதல் நாளே குனிந்து பார்த்து, "இது நம்ம தண்டவாளம் இல்ல" என்றார். தண்டவாளம் போட்டவர்களும் கொடி காட்டியவர்களும் கணக்கு எழுதியவர்களுமாகத் தமிழர்கள் எத்தனையோ பேர் உழைத்த பாதை அது. அவர் அப்பாவும் அதில் ஒருவர். அந்த அகலம் அவர் கண்ணுக்குப் பழக்கம்.

நான் சொன்னேன்: "பெரியப்பா, முப்பது வருஷம் கால அட்டவணைப்படி ரயில் விட்டீங்க. இது உங்க ரூம். இங்கயாவது நீங்க நினைச்ச இடத்துக்குப் போகட்டுமே."

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது கதவு இடைவெளிக்கு ஒரு பாலம் செய்து வைத்திருந்தார். தூக்கி மாட்டினால் ரயில் போகும். கழற்றினால் ஆள் போகலாம். பாலத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் மூன்றடி தூரத்துக்கு மின்சாரம் தானாக நின்றுவிடும், எஞ்சின் கீழே விழாது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. அதனால் வெளியே ஓர் அட்டை தொங்கியது: "ரயில் ஓடுகிறது. கதவைத் தட்டவும்."

பாலம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். சூலியா தெருவில். "டிராம் தண்டவாளம் இருந்த தெருதானே. முழுப் பொய் இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தீபாவளிக்கு வந்தவள்

தங்கைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வந்தாள். 2015 முதல் பட்டர்வொர்த்துக்கு ஓடும் இ.டி.எஸ். மின்ரயிலில்தான். அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியம்மா தைத்த புது விரிப்பு போட்டிருந்தது. தட்டின் அடியில் அதே துணியில் ஒரு தொங்கல், வயரெல்லாம் மறையும்படி.

பெரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வாளோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அவள் பையை வைத்துவிட்டு ஒரு சுற்று வந்தாள். சூலியா தெரு முன் நின்றாள். பத்துக் கடைவீடு, ஒவ்வொன்றும் மூன்றரை சென்டிமீட்டர் அகலம். ஓட்டுக் கூரை, அஞ்சடி நடைபாதை, மாடி ஜன்னல்.

"அப்பா, நம்ம வீடு எது?"

பெரியப்பா ஒன்றைக் காட்டினார். அதற்கு மட்டும் சாயம் பூசியிருக்கவில்லை. வெறும் அட்டையாக இருந்தது.

"ஏம்பா இது மட்டும்?"

"மாடி ஜன்னல் பச்சைன்னு எனக்கு ஞாபகம். உங்கம்மா நீலங்கறா. நீ வந்து சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

அந்த வீட்டை விட்டு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. கொஞ்ச நேரம் யோசித்தாள். "கீழ் ஜன்னல் நீலம். மேல ஞாபகம் இல்லப்பா" என்றாள். பெரியம்மா உடனே "அதான் நான் சொன்னேன்" என்றார். வாக்குவாதம் மறுபடி தொடங்கியது. ராத்திரி பதினொன்றுக்கு அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஒரு சுத்து விடுங்கப்பா" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினார்.

உங்கள் வீட்டில் எது?

எல்லோருக்கும் ரயில் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு வீணை, ஒருவருக்கு ஓவியம், ஒருவருக்கு பழைய ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பது. முழு அறை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நான்கடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு பலகையோடு தொடங்குங்கள். மாதத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி அதற்குள் வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கியவர்களின் பெட்டிகள்தான் அலமாரி மேல் தூங்குகின்றன.

ஆனால் ஆணி அடிப்பதற்கு முன், வீட்டில் வேறு யார் எதைப் பாதியில் சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி கேட்க இருபத்தைந்து வருஷம் ஆனது.

சூலியா தெருவின் அந்த ஒரு வீடு இன்னும் வெறும் அட்டையாகத்தான் இருக்கிறது. மேல் ஜன்னல் தெரியும்படி பழைய போட்டோ எங்காவது கிடைக்குமா என்று பெரியப்பா தேடிக்கொண்டிருக்கிறார். அவசரமில்லையாம். அது அங்கேயே இருக்கும்.